அண்ணி சேவ் அழுத்தினார்

அண்ணிக்கு மறதி வந்துவிட்டது என்று முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த வாயைத் தைத்துவிடுவேன். இப்படிச் சொன்னால் என் அண்ணன், "ஆரம்பிச்சுட்டா பட்டாசு" என்பான். வீட்டில் எனக்கு அதுதான் பெயர். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு அலைகிறவளாம் நான். இருக்கட்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது. அண்ணி அப்படியில்லை. அவர் குரலை உயர்த்தி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் இத்தனை பேர் அவர் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு கம்பெனியில் அண்ணி போன் மேஜையில் உட்காருகிறவர். காதில் ஹெட்செட், எதிரே கம்ப்யூட்டர். டாக்டர்கள் கூப்பிடுவார்கள், நோயாளியின் மகன், மகள், மருமகள் எல்லாம் கூப்பிடுவார்கள். நாளைக்கு நர்ஸ் வரவேண்டாம், ஊசி மாறியிருக்கிறது, வீடு மாறிவிட்டோம், முன்வாசலில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் பின்வாசலுக்கு வரச் சொல்லுங்கள் என்று நாள் முழுக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அண்ணி அந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்து, மாற்றி எழுதி, சேவ் அழுத்த வேண்டும். அது நர்ஸின் போனில் இருக்கும் ஆப்பில் போய் விழ வேண்டும். நர்ஸ் அதைப் பார்த்து ஊசி போட வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

அண்ணியின் அப்பா பட்டறையில் இரும்பு அடித்து அடித்துக் காது மந்தமானவர். அந்த வீட்டில் எதையும் இரண்டு தடவை சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கம் அண்ணிக்கு ஒட்டிக்கொண்டது. கடைக்குப் போகிறேன் என்றால்கூட நான் கேட்ட சாமானை எல்லாம் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். போனிலும் அப்படியே. எல்லாம் எழுதி முடித்ததும், "இன்னொரு தரம் சொல்றேங்க, சரியான்னு பாருங்க" என்று ஒன்று விடாமல் படித்துக் காட்டுவார். எதிர்ப்பக்கம் ஆமாம் என்ற பிறகுதான் சேவ். ஆபீசில் அவருக்குப் பெயரே 'இன்னொருதரம் அக்கா'. பாசமாக வைத்த பெயர் என்றுதான் அண்ணி நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே அதில் ஒரு நக்கல் தெரிந்தது.

அந்த ஆப் வந்த பிறகுதான் கோளாறு தொடங்கியது. அண்ணி மாற்றியதாகச் சொல்வார், நர்ஸின் போனில் பழையதே இருக்கும். நர்ஸ் மூடிய வாசலில் நின்று கத்துவாள். சூப்பர்வைசரம்மா உடனே தன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து போட்டுவிடுவார். அண்ணி ஓடிப்போய்ப் பார்த்தால், கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் சூப்பர்வைசரம்மாவின் பெயர் இருக்கும். தன் பெயர் இருக்காது. "நான் போட்டேனே" என்பார் முதலில். பிறகு "போட்டேன்னு நெனைக்கிறேன்" என்றார். அப்புறம் அதையும் விட்டுவிட்டு, "மன்னிச்சிடுங்க, மறந்திருப்பேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு மனுஷி தன் புத்தியையே இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. அண்ணியின் அம்மா கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்து போனவர். பெற்ற மகளைப் பார்த்து, "ஏம்மா நர்ஸு, என் பொண்ணு எப்ப வருவா?" என்று கேட்டவர். அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, இரண்டு தெரு தள்ளிப் போய்த் தேடிப் பிடித்துக் கூட்டி வந்து பார்த்துக்கொண்டது அண்ணிதான். அந்த நோய் தன்னையும் தொட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி வந்து பார்ப்பதும், கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். என் அண்ணன் இருக்கிறானே, அந்த மகா புத்திசாலி, உதவி செய்கிறேன் பேர்வழி என்று அடுப்புக்கு மேலே ஒரு அட்டை ஒட்டினான். 'அணைச்சாச்சா?' என்று கொட்டை எழுத்தில். நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே இறங்கி வந்து அதைப் பார்த்த அன்று அவனோடு நான் போட்ட சண்டை பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் அந்தப் பெரியவர் விவகாரம் நடந்தது. சர்க்கரை நோயாளி, தனியாக மனைவியோடு இருப்பவர். சிறுநீரகம் சரியில்லை என்று டாக்டர் இன்சுலின் அளவைப் பாதியாகக் குறைத்து, கம்பெனிக்குப் போனில் சொன்னார். போனை எடுத்தது அண்ணி. மறுநாள் காலையில் நர்ஸின் ஆப்பில் பழைய அளவே இருந்தது. அவள் பழைய அளவையே போட்டுவிட்டுப் போய்விட்டாள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார், நல்லவேளை. கம்பெனி அவர் மனைவியிடம், "எங்க ஸ்டாஃப் ஒருத்தங்க பதிவு பண்ண மறந்துட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டது. அண்ணியைக் கூப்பிட்டு, ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் சான்று வாங்கிவந்தால் வேலை, இல்லாவிட்டால் நீங்களே விலகிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வேலை போனால் போகட்டும், அது பெரிதில்லை. அண்ணியின் மகள் வெளியூரில் நிறைமாதமாக இருக்கிறாள். பிரசவத்துக்கு அம்மா வந்து கூட இருப்பதாகப் பேச்சு. அண்ணி அதற்காகச் சின்னச் சின்னச் சட்டைகள் எல்லாம் தைத்து வைத்திருந்தார். பெரியவர் விஷயம் நடந்த பிறகு அவரே மகளுக்குப் போன் பண்ணி, "நான் வரலைம்மா. பச்சைக் குழந்தைய என்னை நம்பி விடாதே. உன் மாமியாரை வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். போனை வைத்துவிட்டு அந்தச் சட்டைகளை மடித்துப் பீரோவின் மேல்தட்டில் வைத்தார். அழக்கூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

நான் ஒரு பார்சல் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவள். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அடுப்படியில் அண்ணியை உட்கார வைத்துக் கேட்டேன்.

"அண்ணி, எதெல்லாம் போகலைன்னு சொன்னாங்க? ஞாபகம் இருக்கா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஞாபகம் இருக்கா என்று அவரிடம் கேட்கலாமா? அண்ணி கீரையை ஆய்ந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். "மொதல்ல அந்த லிஃப்ட் இல்லாத வீடு. அந்தம்மா எந்த மாடின்னு மூணு தரம் மாத்தி மாத்திச் சொன்னாங்க. அப்புறம் காது கேக்காத மாமா ஒருத்தர், கத்திக் கத்திப் பேசினேன். அப்புறம் ஒரு பொண்ணு, அவங்கப்பாவுக்கு இனிமே ஊசி வேண்டாம்னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சிடுச்சு, நான் சமாதானம் பண்ணிட்டே இருந்தேன். அப்புறம் இந்த டாக்டர். அவர் பேசிட்டிருக்கும்போதே நடுவுல யாரோ வந்துட்டாங்க, 'ஒரு நிமிஷம் இருங்கம்மா'ன்னாரு. நான் காத்திட்டிருந்து, அப்புறம் எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன்."

யார் என்ன சொன்னார், எந்தக் குரலில் சொன்னார், நடுவில் எந்த நாய் குரைத்தது என்பது வரைக்கும் சொன்னார். இந்தப் பெண்மணிக்கா மறதி? எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த கொதிப்பிலும் ஒன்று பொறிதட்டியது. "சுருக்கமாப் பேசினது ஏதாவது காணாமப் போயிருக்கா?"

அண்ணி கீரையைக் கீழே வைத்தார். "இல்லையே. அதெல்லாம் ஒழுங்கா நர்ஸுக்குப் போயிடும்."

நீளமாகப் பேசியதெல்லாம் போகவில்லை. சுருக்கமாகப் பேசியதெல்லாம் போயிருக்கிறது. மறதிக்கு அப்படியெல்லாம் ஆள் பார்க்கத் தெரியுமா? "புடவைய மாத்துங்க, அண்ணி. உங்க ஆபீசுக்குப் போறோம்" என்றேன். அவர் வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுக்காத குறைதான். வண்டியில் போகும்போது மெல்லக் கேட்டார்: "நீ போய்ப் பாத்து, நிஜமாவே நான்தான் மறந்திருக்கேன்னு தெரிஞ்சா?" ஹாரனை அழுத்திவிட்டேன், முன்னால் யாரும் இல்லாமலே.

அந்த ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். வரிசையாகப் போன் மேஜைகள், ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு வாளி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜர். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையே எனக்கு எரிச்சலாக இருந்தது. "உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனா சிஸ்டத்துல தெளிவா இருக்கு. மாற்றம் எதுவும் வரலைன்னு ஆப் சொல்லுது" என்றார்.

"ஆப் எப்படிக் கண்டுபிடிக்குது, மாற்றம் வந்துச்சா வரலையான்னு?"

அதற்கு அவர் புரோகிராமரைக் கூப்பிட்டார். உள்ளே இருக்கும்போதும் தொப்பியைக் கழற்றாத ஆள். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒவ்வொரு நோயாளியின் பதிவிலும், கடைசியாக மாற்றிய நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. ஆப் சில நிமிடங்களுக்கு ஒரு தரம் வந்து, 'நான் போன தடவை வந்து போனதற்குப் பிறகு எந்தப் பதிவாவது மாறியதா?' என்று அந்த நேரத்தை மட்டும் பார்க்கும். மாறியதை அள்ளிக்கொண்டு போய் நர்ஸ்களின் போனில் போடும். "நானே டெஸ்ட் பண்ணினேங்க, பக்காவா வேலை செய்யுது" என்றார் தொப்பி. எதிரிலேயே செய்து காட்டினார். ஒரு பதிவைத் திறந்தார், ஓர் எண்ணை மாற்றினார், சேவ். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் காத்திருந்தோம். மேஜையில் வைத்திருந்த போனில் புது எண் வந்து நின்றது. "பாத்தீங்களா?"

"பாத்தேன். இப்ப எங்க அண்ணி பண்ற மாதிரி பண்ணுங்க."

அண்ணியை அவர் நாற்காலியிலேயே உட்கார வைத்தோம். ஆபீஸ் முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நான் பக்கத்து அறைக்குப் போய், நோயாளியின் மருமகள் மாதிரி போன் பண்ணினேன். என் அவசரம்தான் தெரியுமே. மேனேஜர் மேலிருந்த கடுப்பில் அண்ணி கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னேன். அவர் திருப்பிப் படித்தபோதும், "சரி, சரி, சரி" என்று தள்ளிவிட்டேன். காத்திருந்தோம். மாற்றம் சமர்த்தாகப் போனில் வந்து உட்கார்ந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். 'நான்தானா அப்போ?' என்று அந்த முகம் கேட்டது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எல்லாம் என் வாய்க் கொழுப்பு. இப்படிப் பேசினால் எந்த மாற்றம்தான் போகாது?

"இன்னொரு தரம்" என்றேன். அண்ணியின் வார்த்தையைத்தான் கடன் வாங்கினேன்.

இந்தத் தடவை காது கேட்காத மாமா ஆனேன். "என்னது? என்னம்மா சொல்றே? எந்தத் தெருவா?" என்று இழுத்தேன். நடுவில், "இருங்க, கண்ணாடிய எடுத்துட்டு வரேன்" என்று போனை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்ப வந்து முதலில் இருந்து ஆரம்பித்தேன். அண்ணி கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல், "பரவாயில்லைங்க மாமா, மெதுவா சொல்லுங்க" என்றார். அந்தப் பதற்றத்திலும் மாமா என்று கூப்பிட்டார் பாருங்கள். எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தேன். சேவ் அழுத்தும்போது அவர் தோளுக்குப் பின்னால் நான் நின்றேன், தொப்பியும் நின்றார்.

காத்திருந்தோம். ஆப் வந்து பார்த்துவிட்டுப் போனது. போனில் பழைய தெருவே இருந்தது. இன்னொரு சுற்றும் காத்திருந்தோம். பழைய தெருதான்.

அண்ணியின் கை ஹெட்செட் வயரைப் பிடித்து முறுக்கியது. "நான் அழுத்தினேன்ல?" என்றார், ரகசியம் கேட்கிற குரலில்.

"அழுத்தினீங்க அண்ணி. நான் பாத்தேன். இவரும் பாத்தாரு."

அப்போது பக்கத்து சீட்டுப் பெண், பாவம், உதவி செய்கிற நல்லெண்ணத்தோடு சொன்னாள்: "போகலையாக்கா? திறந்து ஒரு தரம் உந்தி விடுங்க, போயிடும்."

"என்னது?" என்று திரும்பினேன்.

"உந்தி விடறதுங்க. சிலது மொதல் தடவை போகாது. திறந்து சும்மா மறுபடி சேவ் பண்ணினா போயிடும். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்."

அடப்பாவிகளா! இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். போகாத பதிவை உந்துவது இவர்களுக்குத் தினப்படி வேலை. ஏன் போகவில்லை என்று ஒருத்தராவது கேட்டாரா? உந்தினால் உந்தியவர் பெயர் வந்து விழும், முதலில் போட்டவர் பெயர் அழிந்து போகும். முதலில் போட்டவர் யார் என்ற பழைய விவரத்தை எடுத்து வைக்கிற வசதி இருக்கிறதா என்று தொப்பியைக் கேட்டேன். இடம் அடைக்கும் என்று வைக்கவில்லையாம். ஒரு பெண்ணின் பெயரைத் தினம் தினம் அழித்துவிட்டு, உனக்குத்தான் மறதி என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்கள்.

நான் சூப்பர்வைசரம்மாவைப் பார்த்தேன். அவர் வாளியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெரியவர் சரிஞ்சு விழுந்த அன்னிக்கு நீங்க அவர் பதிவைத் திறந்தீங்களே. அதுல இன்சுலின் எவ்வளவு இருந்துச்சு? பழைய அளவா, புதுசா?"

அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். மென்று முழுங்கினார். "புதுசுதான் இருந்துச்சு" என்றார்.

"என்ன?"

"அதுக்குள்ள யாரோ திருத்திட்டாங்கன்னு நெனச்சேன். பதட்டத்துல உந்தி விட்டுட்டேன். எல்லாரும் ஓடிட்டு இருந்தாங்க."

"விசாரணையில ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே."

இதைக் கேட்டு நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அச்சில் ஏறாது. யாரும் கேட்கவில்லையாம். நான் கத்திக்கொண்டிருந்தபோது அண்ணி எழுந்து சூப்பர்வைசரம்மாவிடம் போனார். கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து அந்த அம்மா ஒரு அடி பின்வாங்கினார்.

"அப்ப நான் போட்டிருந்தேனா?" என்று கேட்டார் அண்ணி.

"போட்டிருந்தீங்கக்கா."

அண்ணி நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணும் அழுதாள். ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

தொப்பி அதற்குள் தன் இடத்துக்குப் போய், அந்த ஸ்கிரீனுக்கு எழுதிய புரோகிராமை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். எழுதியதைத் திறந்து பார்க்க இத்தனை நாள் இவருக்கும் தோன்றவில்லை. நான் போய்ப் பின்னால் நின்றேன். அவர் ஒரு வரியின் மேல் விரலை வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார். தலை வழுக்கை என்று அப்போதுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். மாற்றிய நேரம் என்ற கட்டத்தில் விழுவது சேவ் அழுத்திய நேரமில்லை. பதிவைத் திறந்த நேரம். மேனேஜருக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் சொன்னேன்: "ஒரு தபால்பெட்டி இருக்குன்னு வைங்க. தபால்காரர் வந்து எடுத்துட்டுப் போறாரு. அடுத்த தடவை வரும்போது, போன தடவைக்கு அப்புறம் தேதி போட்ட கடிதத்தை மட்டும்தான் எடுப்பாரு. நீங்க கடிதத்தை எழுத ஆரம்பிக்கும்போதே தேதி போட்டுட்டீங்க. எழுதி முடிக்கறதுக்குள்ள அவர் வந்துட்டுப் போயிட்டாரு. அப்புறமாத்தான் பெட்டில போடறீங்க. அடுத்த தடவை வந்து தேதியப் பாக்கறாரு, 'இது பழசு, இதை அப்பவே எடுத்திருப்பேன்'னு விட்டுட்டுப் போயிடறாரு. கடிதம் பெட்டிலயே கிடக்கும். வேற யாராவது புதுத் தேதி போடற வரைக்கும்."

திறந்து, மாற்றி, மூடுகிறவர்களுக்கு இது எப்போதாவதுதான் நடக்கும். நடுவில் ஆப் வந்து போக நேரம் இருக்காது. பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்கிறவருக்குத்தான் அடிக்கடி நடக்கும். அதாவது இந்த ஆபீசில் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆளுக்கு.

மேனேஜர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப சிம்பிள்ங்க. புரோகிராமை மாத்தறதுக்கு டைம் ஆகும், எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணணும். அதுவரைக்கும் எல்லாருக்கும் ஒரு சர்க்குலர் அனுப்பிடலாம். போன்ல பேசும்போது ஸ்கிரீனைத் திறந்து வைக்கக்கூடாது. பேசி முடிச்சு, போனை வெச்சதும் திறந்து, சட்டுனு போட்டு சேவ் பண்ணிடணும். நீங்களும் திங்கக்கிழமை வந்துடுங்கம்மா."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். என் ஆயுசில் முதல் தடவை.

"போனை வெச்ச அப்புறம் எழுதினா, யாருக்குப் படிச்சுக் காட்டறது?" என்றார். குரல் உயரவில்லை. "ஊசி அளவுங்க இது. நான் படிச்சுக் காட்டாம சேவ் பண்ண மாட்டேன். கம்ப்யூட்டருக்காக நான் மாற மாட்டேன், அதை மாத்துங்க. மாத்தினப்புறம் கூப்பிடுங்க, வரேன்."

"இல்லம்மா, அது வந்து..."

"இன்னொண்ணு. பெரியவர் வீட்டம்மாகிட்ட, நான் மறந்துட்டேன்னு சொல்லியிருக்கீங்க. மறக்கலைன்னு சொல்லுங்க. இப்பவே. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

மேனேஜர் மழுப்பிப் பார்த்தார். மேலிடம், வக்கீல் என்றெல்லாம் சப்பைக்கட்டு கட்டினார். அண்ணி நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் அவர் போனை எடுத்தார். 'சிறு தொழில்நுட்பக் கோளாறு' என்று ஆரம்பித்தவரை அண்ணி பார்த்த பார்வையில், திருத்திக்கொண்டு, "எங்க ஸ்டாஃப் சரியாத்தாம்மா பதிவு பண்ணியிருக்காங்க. தப்பு எங்க பக்கம்" என்று சொல்லி முடித்தார். எதிர்ப்பக்கம் அந்த அம்மா என்ன திட்டினாரோ தெரியாது. மேனேஜரின் காது சிவந்து போனதை நான் கண்குளிரப் பார்த்தேன். தொப்பி அன்றைக்கே உட்கார்ந்து புரோகிராமை மாற்றத் தொடங்கினார் என்று பிறகு பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாள்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வண்டியில் ஏறியதும் அண்ணி மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். "அதனால நான் வரேன்மா. டிக்கெட் போடப் போறேன்" என்றார்.

என் அண்ணன் மகள் சொன்னாள்: "சந்தோஷம்மா. ரொம்ப நல்ல விஷயம். ஆனா மாமியார்கிட்ட வரச் சொல்லியாச்சேம்மா. நீ ஏற்கனவே ரொம்ப டென்ஷன்ல இருக்கே. கம்ப்யூட்டர் தப்புதான், இல்லைங்கலை. இருந்தாலும் எதுக்கும் ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டிடலாமே. பாட்டிக்கும் இப்படித்தானே..."

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். பெற்ற மகளே! அண்ணனை, மேனேஜரை, சூப்பர்வைசரம்மாவைத் திட்டியாயிற்று. இந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை நான் என்னவென்று திட்டுவது? அண்ணியைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மறுபடி, "சரிம்மா, நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இத்தனை நாள் சொன்னாரே.

அண்ணி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"கண்ணு, டாக்டர்கிட்ட நாம அப்புறம் போலாம், உனக்கு ஆசையா இருந்தா நீயும் கூட வா. இப்ப நான் உன்கிட்ட வரட்டுமான்னு கேக்கலை. வரேன்னு சொன்னேன். காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா..."

"அப்ப திருப்பிச் சொல்லு. நான் என்ன சொன்னேன்?"

"அம்மா..."

"சொல்லு. நான் கேட்டுட்டுத்தான் வெப்பேன்."

எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாடம் ஒப்பித்த அதே குரலில் அவள் சொன்னாள்: "அம்மா மறக்கலை. அம்மா வராங்க. குழந்தைய அம்மாதான் பாத்துப்பாங்க."

"இன்னொரு தரம்" என்றார் அண்ணி.

அவள் இன்னொரு தரம் சொன்னாள். அண்ணி சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய், சுவரில் இருந்த அட்டையைக் கிழித்து என் அண்ணன் கையில் கொடுத்தார். அப்புறம் பீரோவைத் திறந்து, மேல்தட்டில் இருந்த சட்டைகளை எடுத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.